வளையும் சூரிய மின்தாள்: திறனும் ஆயுளும்

சில மாதங்களுக்கு முன், இரவுச் சந்தைகளில் துணிக்கடை போடும் நண்பர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையில் பாய்போல் சுருட்டிய கறுப்புத் தாள் ஒன்று இருந்தது. அதை மேசைமேல் விரித்துவிட்டு, "நானா, இதை வேனின் கூரைமேல் விரித்துக் கட்டினால் பகல் வெயிலில் பாட்டரியில் மின்சாரம் சேரும், இரவில் கடை விளக்கு எரியும் என்று சொல்லி விற்றார்கள். ஆறு மாதம் நன்றாகத்தான் எரிந்தது. இப்போது பாதிச் சந்தையிலேயே விளக்கு மங்கிவிடுகிறது. ஓரமெல்லாம் வெளுத்துப் பூத்திருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?" என்று கேட்டார்.

நாம் தாளைத் திருப்பிப் பார்த்தோம். அதன் திறன் இத்தனை விழுக்காடு என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. எவ்வகைத் தாள் என்பதோ, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதோ எங்கும் காணப்படவில்லை. நண்பருக்கு அன்று நம்மால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. அவரைப்போல் இத்தகைய சரக்கை வாங்கவோ, வாங்கி விற்கவோ எண்ணும் வணிகர் நம்மிடையே பலர் உள்ளனர். ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறோம். முற்றும் படித்தபின், இவ்விஷயத்தில் விற்பவரிடம் எதைக் கேட்பது, எதை நம்புவது என்பது ஒவ்வொருவருக்கும் விளங்கும் என்பது நமது நம்பிக்கை.

மூவகைத் தாள்கள்

வளையும் சூரியத் தாள் என்று விற்பவை எல்லாம் ஒரே சரக்கல்ல. முதல் வகை, மெல்லியதாக அறுத்த சிலிக்கன் வில்லைகளைப் பிளாஸ்டிக் தாள்களுக்கிடையே வைத்து ஒட்டியது. இது சிறிதளவே வளையும். சுருட்டினால் வில்லைகள் விரிசல் காணும். இரண்டாம் வகை, செம்பு, இந்தியம், காலியம், செலினியம் ஆகியவற்றின் கூட்டுப்பொருளை மெல்லிய உலோகத் தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ படியவைத்துச் செய்வது. மூன்றாம் வகையே நமது பாடத்திற்குரிய கரிமத் தாள். இதை ஆங்கிலப் பெயரால் ஆர்கானிக் சூரியக் கலம் என்பர்.

மளிகைக் கடையில் ஆர்கானிக் அரிசி என்றால் ரசாயன உரமிடாமல் விளைந்தது என்று பொருள். இங்கே அப்பொருள் இல்லை. கரி அணுக்களை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மங்களை வேதியியலார் அப்பெயரால் அழைக்கின்றனர். பிளாஸ்டிக்கும் சாயங்களும் அந்த இனத்தைச் சேர்ந்தவை.

பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது என்றே ஒரு காலத்தில் எல்லோரும் எண்ணியிருந்தனர். 1977-ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஹிதேகி ஷிராகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவரும் பக்குவப்படுத்திய ஒருவகைப் பிளாஸ்டிக்கில் மின்சாரம் உலோகத்தில் ஓடுவதுபோல் ஓடும் என்று காட்டினர். இதற்காக 2000-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் கிடைத்துவிட்டால், அதைக் கரைத்து மையாக்கிப் பத்திரிகை அச்சடிப்பதுபோல் சுருள் சுருளாகச் சூரியக் கலம் அச்சடிக்கலாமே என்ற ஆசை பிறந்தது. சிலிக்கனை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். கரிம மையை உலர்த்தவோ 100 முதல் 150 டிகிரி வரை போதும். ஆசையில் தவறில்லை. ஆனால் அது நிறைவேற இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று திறன் குறைவு. மற்றொன்று ஆயுள் குறைவு.

ஒளி மின்சாரமாகும் விதம்

சிலிக்கனில் ஒளி விழுந்தால், எலெக்ட்ரானும் அது விட்டுச் சென்ற காலியிடமும் எளிதில் பிரிந்து தத்தம் வழியே போய்விடும். கரிமப் பொருளில் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இணையாகவே திரியும். இந்த இணைக்கு எக்ஸைட்டான் என்று பெயர். இணை பிரிந்தால்தான் மின்சாரம். பிரியாமல் மீண்டும் ஒன்றாகிவிட்டால் வந்த ஒளி வீண்.

இந்த இணை சுமார் 10 நானோமீட்டர் தூரம் செல்வதற்குள் அழிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். வலையில் ஏறிய மீனைப் போன்றது இது. கெடுவதற்குள் கரை சேர்ந்தால் காசு; சேராவிட்டால் குப்பை. இணையைப் பிரிக்கும் கரை எது? எலெக்ட்ரானைக் கொடுக்கும் பொருளும் அதை வாங்கும் பொருளும் சந்திக்கும் எல்லையே அக்கரை.

கோடாக் நிறுவனத்தில் பணிபுரிந்த சிங் டாங் என்னும் விஞ்ஞானி, கொடுக்கும் பொருளை ஓர் அடுக்காகவும் வாங்கும் பொருளை மற்றோர் அடுக்காகவும் வைத்துச் செய்த கலத்தை 1986-ல் வெளியிட்டார். அதன் திறன் சுமார் ஒரு விழுக்காடு. அக்காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். எனினும் எல்லைக்கு அருகே பிறந்த இணைகளே பயன்பட்டன. அடுக்கைத் தடிப்பாக்கினால் இணைகள் எல்லைக்கு வந்துசேரா. மெல்லியதாக்கினால் ஒளி முழுவதும் பிடிபடாது.

இந்தச் சிக்கலை அவிழ்த்த வழி எளிமையானது. 1992-ல் நியாசி சரிசிப்ட்சி, ஹீகர் முதலியோர், மின்கடத்தும் பிளாஸ்டிக்கிலிருந்து புல்லரீன் என்னும் பந்து வடிவக் கரி மூலக்கூறுக்கு எலெக்ட்ரான் மிக விரைவாகத் தாவுகிறது என்று கண்டனர். 1995-ல் அவ்விரண்டையும் ஒன்றாகக் கரைத்து ஒரே படலமாகப் பூசினர். உலரும்போது இரண்டும் நுண்ணிய இழைகளாகப் பிரிந்து, ஒன்றினுள் ஒன்று பின்னிக்கொண்டன. இப்போது எல்லை படலமெங்கும் இருக்கிறது. எங்கே பிறந்த இணைக்கும் கரை பக்கத்திலேயே. 100 நானோமீட்டர் தடிப்புள்ள படலம் ஒளியையும் பிடித்தது, மின்சாரத்தையும் தந்தது. இன்றைய நல்ல கரிமக் கலங்களில் பெரும்பாலானவை இந்தக் கலவை முறையையே பின்பற்றுகின்றன.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். திறனைத் தந்தது இந்த நுண்ணிய பின்னல். பின்னல் குலைந்தால் திறனும் போய்விடும். ஆயுளைப் பற்றிய பிற்பகுதி முழுவதும் இதைச் சுற்றியே வருகிறது.

திறன் ஏறிய கதை

புல்லரீனுக்குச் சில குறைகள் உண்டு. சூரிய ஒளியில் சிறு பகுதியையே அது விழுங்கும். விலையும் அதிகம். வெப்பத்தில் ஒன்றுகூடிக் கட்டியாகும் குணமும் அதற்கிருந்தது. ஆகவே அதற்குப் பதில் வேறொன்றைத் தேடினர். 2015-ல் பீக்கிங் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சியாவ்வெய் ஜான் குழுவினர் ஐடிஐசி என்ற தட்டையான மூலக்கூறைக் கொண்டுவந்தனர். 2019-ல் சாங்ஷா நகரில் உள்ள மத்திய தென் பல்கலைக் கழகத்தின் யிங்பிங் சோ குழுவினர் ஒய்-6 என்ற மூலக்கூறை வெளியிட்டனர். அதைக் கொண்டு செய்த கலம் 15.7 விழுக்காடு திறன் காட்டிற்று. இவை கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியின் ஒரு பகுதியையும் விழுங்குகின்றன. மின்னழுத்தத்தில் ஏற்படும் நஷ்டமும் குறைவு. 2020-ல் 18 விழுக்காடு எட்டப்பட்டது. 2024-ல் ஆய்வுக் குழுக்கள் சில 20 விழுக்காட்டைத் தாண்டியதாக அறிவித்தன.

ஒரு விழுக்காட்டில் தொடங்கி இருபதுக்கு வர நாற்பதாண்டுகூட ஆகவில்லை. பாராட்டத்தக்கதே. ஆனால் வணிகர் இந்த எண்ணைக் கேட்டவுடன் மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும்.

முதலாவது, பரப்பு. ஆய்வுக்கூடக் கலங்கள் பெரும்பாலும் சில சதுர மில்லிமீட்டர் அளவுடையவை. நகத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணா. பெரிய தாளில் மின்சாரம் நெடுந்தூரம் ஓடவேண்டும். ஓடும் வழியில் தடை, தடையால் நஷ்டம். அதற்காகத் தாளைச் சிறு பட்டைகளாகப் பிரித்துத் தொடராக இணைக்கின்றனர். பட்டைகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் மின்சாரம் பிறவாது.

இரண்டாவது, அடித்தளம். உயர்ந்த எண்கள் பெரும்பாலும் கண்ணாடிமேல் செய்த கலங்களுக்கு உரியவை. வளையும் பிளாஸ்டிக் கண்ணாடியைப்போல் வழவழப்பானதன்று. வெப்பம் தாங்குவதும் குறைவு.

மூன்றாவது, அளந்த நாள். பிறந்த அன்று அளந்த எண்ணா, ஓராண்டு வெயிலில் கிடந்தபின் அளந்த எண்ணா? விளம்பரத்தில் வருவது எப்போதும் முதல் நாள் எண்ணே.

ஆயுளைத் தின்னும் நான்கு பகைகள்

முதற்பகை ஈரமும் காற்றும். படலத்தினுள் ஆக்ஸிஜன் புகுந்தால், ஒளியின் துணையோடு கரிமச் சேர்மத்தை அரிக்கும். சாயத்துணி வெயிலில் வெளுப்பது போன்றதுதான் இது. நீராவி புகுந்தால் உலோக முனையங்கள் துருவேறும். அடுக்குகளின் ஒட்டு விடும். பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்பதால் இங்கே இப்பகை இரட்டிப்பு வலிமையுடையது.

இதற்கு மருந்து காப்பு உறை. சாதாரணப் பிளாஸ்டிக் தாளின் ஒரு சதுர மீட்டர் வழியே நாள் ஒன்றுக்கு ஒரு கிராம் அளவிலோ அதற்கு மேலோ நீராவி ஊடுருவும். கரிமக் கலத்தைப் பல்லாண்டு காக்கவேண்டுமானால், ஆயிரத்தில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே ஊடுருவ விடவேண்டும். கண்ணாடி இதை எளிதில் செய்துவிடும். ஆனால் அது வளையாது. ஆகவே பிளாஸ்டிக்கையும், அலுமினா போன்ற ஆக்ஸைடுகளின் நுண்படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்குகின்றனர். ஒரு படலத்தின் ஊசித்துளை அடுத்ததன் துளைக்கு நேராக அமையாது. அத்தாப்புக் கூரை வேய்வோர் ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசையால் மறைப்பதில்லையா? அந்த உபாயமே இது. நீராவி நேர்வழியின்றி நெடுந்தூரம் சுற்றி அலைய நேரிடுகிறது.

இருப்பினும் மேலும் கீழும் எவ்வளவு நல்ல உறையிட்டாலும், ஓரத்து ஒட்டு பலவீனமானால் ஈரம் பக்கவாட்டில் நுழையும். மின்கம்பி வெளியே வரும் இடமும் அத்தகைய வாசலே. நண்பரின் தாளில் ஓரத்திலிருந்து வெண்மை பூத்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாயிருக்கும்.

இரண்டாம் பகை புற ஊதாக் கதிர். எலெக்ட்ரானைக் கடத்துவதற்காகப் பல கலங்களில் துத்தநாக ஆக்ஸைடு அடுக்கு ஒன்று வைப்பர். புற ஊதாக் கதிர் பட்டால் அது தன்னை ஒட்டியுள்ள புதுவகை மூலக்கூறுகளின் பிணைப்பையே அறுத்துவிடும் என்று ஆய்வாளர் கண்டனர். உள்ளே இருந்துகொண்டே கெடுக்கும் கூட்டாளியைப் போன்றது இது. இதற்கு இருவழி மருந்து உண்டு. அக்கதிரை முன்னரே தடுக்கும் வடிகட்டியை மேலே வைக்கலாம். ஆக்ஸைடுக்கும் கலவைக்கும் இடையே மெல்லிய தடுப்புப் படலம் இடலாம். 2021-ல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் ஸ்டீபன் பாரஸ்ட் குழுவினர் இவ்விரண்டையும் சேர்த்துச் செய்து, கடும் ஒளியில் சோதித்து, கலம் சுமார் 30 ஆண்டு நிலைக்கக்கூடும் என்று கணித்தனர். அது விரைவுச் சோதனையிலிருந்து கணக்கிட்ட ஆயுள். முப்பது ஆண்டு காத்திருந்து பார்த்ததன்று. ஆயினும், கரிமப் பொருள் என்றாலே அற்பாயுள் என்ற பழைய எண்ணம் தகர்ந்தது.

மூன்றாம் பகை வெப்பம். முன்னே சொன்ன பின்னல் நினைவிருக்கட்டும். உச்சி வெயிலில் தகரக் கூரையின்மேல் கை வைக்க முடியாது. அவ்வெப்பத்தில் மூலக்கூறுகள் மெல்ல நகரும். இழைகள் தடித்துக் கட்டியாகும். கொடுப்பது ஒருபுறமும் வாங்குவது ஒருபுறமுமாக ஒதுங்கிவிடும். கரை தூரமாகும், மீன் கெடும். இதைத் தடுக்க, எளிதில் நகராத பெரிய மூலக்கூறுகளைக் கையாளுகின்றனர். சிறு மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோக்கின்றனர். பின்னலை நிலைப்படுத்த மூன்றாவது பொருள் ஒன்றையும் சிறிது சேர்க்கின்றனர்.

நான்காம் பகை வளைவே. வளைவதற்கென்று செய்த தாளுக்கு வளைவே பகையாவது விந்தைதான். இதைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

வளைவின் கணக்கு

தடித்த ரப்பர்ப் பலகை ஒன்றை வளைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் சுருங்கும், நடுவில் ஒரு தளம் இழுபடாமலும் சுருங்காமலும் இருக்கும். வெளிப்பக்கம் எவ்வளவு இழுபடுகிறது என்பதற்கு எளிய கணக்குண்டு: தாளின் தடிப்பை, வளைவின் விட்டத்தால் வகுத்தால் போதும்.

தாளின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் என்றும், அதை 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கோலில் சுற்றுவதாகவும் கொள்வோம். இழுப்பு 100-ல் ஒன்று, அதாவது ஒரு விழுக்காடு. பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஒளியை உள்ளே விட்டு மின்சாரத்தை வெளியே எடுக்கும் முன்பக்க முனையம் வழக்கமாக இந்தியம், வெள்ளீயம் கலந்த ஆக்ஸைடால் ஆனது. அது கண்ணாடியைப்போல் நொறுங்கும் இயல்புடையது. ஒன்று இரண்டு விழுக்காடு இழுப்பிலேயே அதில் விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அவ்விரிசல்கள் ஒவ்வொன்றும் மின்சாரத்தின் பாதையை அறுக்கும்.

பரிகாரம் மூன்று. முனையத்தை மாற்றுவது ஒன்று. நொறுங்கும் ஆக்ஸைடுக்குப் பதில் நுண்ணிய வெள்ளிக் கம்பிகளின் வலையையோ மின்கடத்தும் பிளாஸ்டிக்கையோ வைக்கின்றனர். கலத்தை நடுத்தளத்தில் வைப்பது மற்றொன்று. மேலும் கீழும் சமத் தடிப்பில் உறையிட்டால், நடுவிலுள்ள கலம் இழுபடாது. ஆகவே நல்ல உறை ஈரத்தையும் தடுக்கும், வளைவையும் தாங்கும். ஒரே செலவில் இரண்டு காரியம். மூன்றாவது, தாளையே மெல்லியதாக்குவது. தடிப்பு 0.003 மில்லிமீட்டர் என்றால், அதே கோலில் சுற்றும்போது இழுப்பு 0.03 விழுக்காடே. எதுவும் விரியாது.

கலவையின் உறுதியையும் கூட்டலாம். புல்லரீன் கலவை பிஸ்கட்டைப்போல் உடையும். கொடுப்பது வாங்குவது இரண்டையும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாக்கினால் அவை நூல்போல் பின்னி இழுப்பைத் தாங்கும். 2015-ல் தென் கொரியாவின் கைஸ்ட் ஆய்வாளர்கள் இவ்விதம் செய்த படலம், புல்லரீன் கலவையைவிட 60 மடங்கு நீண்டபின்னரே அறுந்தது.

ஜப்பானியர் காட்டிய வழி

திறன், ஆயுள் இரண்டையும் படிப்படியாகச் சேர்த்து வளர்த்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு, தோக்கியோ பல்கலைக் கழகத்தையும் ரிக்கென் ஆராய்ச்சிக் கழகத்தையும் சேர்ந்த தகாவோ சோமேயா, கென்ஜிரோ புகுதா ஆகியோரின் பணி.

2012-ல் சோமேயா குழுவினர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர விஞ்ஞானிகளோடு சேர்ந்து, மொத்தத் தடிப்பு 0.002 மில்லிமீட்டருக்கும் குறைவான கலத்தைச் செய்தனர். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 4 கிராம். திறன் 4.2 விழுக்காடு. தலைமயிரில் சுற்றினாலும் உடையவில்லை. ஆனால் ஈரத்தைத் தடுக்கும் உறை அதற்கில்லை.

2017-ல் துணியில் தைத்துத் துவைக்கத்தக்க கலத்தைக் காட்டினர். திறன் 7.9 விழுக்காடு. இரண்டு மணி நேரம் நீரில் முக்கி எடுத்தபோது, இருந்த திறனில் 5.4 விழுக்காடே குறைந்தது.

2020-ல் தடிப்பு 0.003 மில்லிமீட்டர் உடைய கலம் 13 விழுக்காடு திறன் காட்டிற்று; திறந்த காற்றில் 3,000 மணி நேரம் வைத்தபின்னும் இழப்பு 5 விழுக்காட்டுக்குள் நின்றது. இங்கே கையாண்ட உபாயம் கவனிக்கத்தக்கது. கலத்தைச் செய்து முடித்தபின் 150 டிகிரியில் சூடாக்கினர். அதனால் அடுக்குகளின் சந்திப்பு உறுதிப்பட்டு, மின்சாரம் தடையின்றிச் சென்றது. ஒரே செயல் திறனையும் கூட்டியது, ஆயுளையும் கூட்டியது.

2024-ல் மேலும் ஒரு படி. வழக்கமாகக் கலவைக்கும் வெள்ளி முனையத்துக்கும் இடையே வைக்கும் அடுக்கு ஈரத்தை உறிஞ்சி ஒட்டு விடும். அவ்வடுக்கையே நீக்கிவிட்டு, வெள்ளியை நேரே கலவைமேல் படியவைத்து, காற்றில் 85 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தனர். சந்திப்பில் வெள்ளி ஆக்ஸைடு தானாகவே உண்டாகி, நீக்கிய அடுக்கின் வேலையைச் செய்தது. நான்கு மணி நேரம் நீரில் கிடந்தபின்னும் 89 விழுக்காடு திறன் எஞ்சியது.

இப்பன்னிரண்டு ஆண்டு வரலாற்றில் நமக்கொரு படிப்பினை உண்டு. உலகம் திறன் எண்ணைத் துரத்திய காலத்தில், இவர்கள் அடுக்குகள் சந்திக்கும் இடத்தைக் கவனித்தனர். கலம் கெடுவது பெரும்பாலும் சந்திப்பில்தான். கூட்டு வியாபாரம் முறிவதும் அங்கேதானே!

வணிகக் கணக்கு

இனிக் கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். சிங்கப்பூரில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஆண்டொன்றுக்கு விழும் சூரிய சக்தி ஏறக்குறைய 1,600 யூனிட். ஒரு தாள் 18 விழுக்காடு திறனுடன் இரண்டாண்டு உழைத்தால், ஆண்டுக்கு 288 வீதம் மொத்தம் 576 யூனிட். மற்றொரு தாள் 10 விழுக்காடு திறனுடன் பத்தாண்டு உழைத்தால், ஆண்டுக்கு 160 வீதம் 1,600 யூனிட். இடையே தேய்வதையும் பிற இழப்புகளையும் இங்கே ஒதுக்கிவைத்தோம். எனினும் தராசு எப்பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகமில்லை. தாளின் விலை மட்டுமா? ஏற்றிக் கட்டும் கூலி, கழற்றி எறியும் கூலி, மீண்டும் வாங்கும் விலை எல்லாம் அற்பாயுள் சரக்கின் தலையிலே விழும்.

இதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. நோபல் பரிசு பெற்ற ஹீகரும் பங்கெடுத்து 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய கொனார்கா நிறுவனம், கரிமத் தாளைச் சுருளாக அச்சடித்து விற்க முனைந்தது. முதலீடாகத் திரண்ட தொகை பத்துக்கோடி டாலருக்கு மேல். 2010-ல் அதன் ஆய்வுக்கூடக் கலம் 8.3 விழுக்காடு என்று சான்று பெற்றது. சந்தைக்கு வந்த தாளின் திறனோ அதற்கும் வெகு கீழே. அதே காலத்தில் சிலிக்கன் பலகையின் விலை சரிந்தது. 2012-ல் கொனார்கா திவாலாயிற்று. அறிவிலோ முதலிலோ அவர்களுக்குக் குறைவில்லை. சரக்கின் ஆயுளும் திறனும் பெருகுமுன் சந்தை முந்திவிட்டது.

இன்று சிலிக்கன் பலகைகள் 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட திறனோடு, 25 ஆண்டு உத்தரவாதத்தோடு விற்கின்றன. உறுதியான கூரை உள்ளவருக்கு அதுவே தக்க சரக்கு. கரிமத் தாளுக்குரிய இடம் வேறு. கண்ணாடிப் பலகையின் பாரத்தைத் தாங்காத மெல்லிய கூரை, வளைந்த சுவர், கூடாரம், உடை ஆகியவை அதற்குரியவை. 2006-ல் தொடங்கிய ஜெர்மனியின் ஹீலியாடெக் நிறுவனம் கட்டடங்களுக்கென்றே தாளை உருவாக்கிற்று. 2016-ல் அதன் ஆய்வுக்கூடக் கலம் 13.2 விழுக்காட்டை எட்டியது. கடைக்குள் எரியும் விளக்கொளியிலும் கரிமக் கலம் நன்றாகவே வேலை செய்யும். ஸ்வீடனின் எபிஷைன் நிறுவனம் அவ்வகையில் வீட்டுக்குள் பயன்படும் சிறு கருவிகளுக்கான கலங்களை அச்சடித்தது. உள்ளே வெயிலும் மழையும் இல்லையாதலால் ஆயுட் கவலையும் குறைவு.

வாங்குமுன் கேட்கவேண்டியவை

இவ்வளவும் படித்தபின், விற்பவரிடம் ஐந்து கேள்விகள் கேட்கத் தவறக்கூடாது.

1. இது மூவகையில் எவ்வகைத் தாள்? பதில் இல்லையென்றால் பேச்சை அத்துடன் நிறுத்துவது நலம்.

2. சொல்லும் திறன் இந்த முழுத் தாளுக்கு உரியதா, ஆய்வுக்கூடத் துண்டுக்கு உரியதா? ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் ஒளியில் அளப்பது பொது முறை. ஆகவே 10 விழுக்காடு என்றால் ஒரு சதுர மீட்டர் தாள் 100 வாட் தரவேண்டும். தாளை அளந்து, அதில் அச்சிட்ட வாட்டோடு ஒப்பிட்டால் பொய் வெளிப்பட்டுவிடும்.

3. திறன் முதல் நாள் அளவில் 80 விழுக்காட்டுக்கு இறங்க எத்தனை காலம் ஆகும்? ஆய்வாளர் ஆயுளை அளப்பது இவ்வாறே.

4. 85 டிகிரி வெப்பம், 85 விழுக்காடு ஈரப்பதம் ஆகிய நிலையில் 1,000 மணி நேரச் சோதனை தேறியதா? வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நாடுகளில் இக்கேள்வியே முதன்மை.

5. எத்தனை முறை, எவ்வளவு விட்டத்தில் வளைக்கலாம்? ஒரு முறை வளைத்துப் பொருத்துவதற்கும் நாள்தோறும் சுருட்டி விரிப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இவற்றோடு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குவதும், அதைக் கொடுப்பவர் நாளையும் கடை திறந்திருப்பாரா என்று பார்ப்பதும் நமது வணிகருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நண்பர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். இவ்வைந்தையும் அவரிடம் சொன்னோம். விற்றவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். முதற் கேள்விக்கே பதில் வரவில்லையாம். "பணம் போனது போகட்டும் நானா, இந்தத் தாளை நானும் பத்துப் பேருக்கு விற்கலாம் என்றிருந்தேன். நல்லவேளை, விற்கவில்லை" என்றார்.

அவருக்கு நஷ்டம் ஒரு தாளின் விலையோடு நின்றது. விற்றிருந்தால் பத்து வாடிக்கையாளரின் நம்பிக்கையும் போயிருக்கும். கரிமத் தாள் வளர்ந்துவரும் சரக்கு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆய்வுக்கூடங்களில் அதன் திறனும் கூடுகிறது, ஆயுளும் கூடுகிறது. நாளை நமது கடைகளில் அது விற்பனைக்கு வரும் காலத்தில், முதல் நாள் திறனை மட்டும் சொல்லாமல், பத்தாம் ஆண்டின் திறனையும் வாடிக்கையாளருக்குச் சொல்லி விற்பவராக நாம் இருப்போமாக.